காலரில் ஒரு முடி

பல் டாக்டர் இளம்பருதி பென் டிரைவில் கொண்டுவந்தார்
ஒரு வெள்ளைக்காரியை.
"ரெண்டுக்கு மூணு அடி, கேன்வாஸ் பிரிண்ட்.
பேஷண்ட் உட்கார்ற இடத்துக்கு நேரெதிர் சுவர்ல.
விரிசலெல்லாம் எடுத்துடும்மா."
பென்னாகரம் ரோட்டில் புது கிளினிக்,
புதன்கிழமை திறப்பு.

கோப்பின் பெயரிலேயே மொத்த வரலாறும் இருந்தது:
ஜோசையா பெல்தம், 1853, ரொட்டிக்கடைக்காரரின் விதவை.

வாயை மூடியிருந்தாள்.
எனக்கு முதலில் பட்டது அதுதான்.
என் பிழைப்பே வாயில்தான்.
தருமபுரியில் கல்யாண ஆல்பம் திருத்துகிறவளுக்கு
முகத்தில் வேலை குறைவு, பல்லில் அதிகம்.
போர்த்தண்ணி குடித்து வளர்ந்த ஜனம்.
பாலக்கோட்டு மாப்பிள்ளைக்கு வெளிர்மஞ்சள்,
காரிமங்கலத்துப் பெண்ணுக்கு டீத்தூள் பழுப்பு,
சிலருக்குச் சுண்ணாம்புத் திட்டு.
"சிரிங்க" என்றதும்
கை தானாக உதட்டுக்குப் போகும்.
நாளைக்கு இருநூறு பல் வெளுக்கிறேன் நான்.

இவள் எந்தத் தண்ணீர் குடித்தாள்?

நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி
நெற்றியிலிருந்து விரிசலை அடைக்க ஆரம்பித்தேன்.
சித்திரையில் ராமக்காள் ஏரி இப்படித்தான் கிடக்கும்.

கன்னத்தில் பச்சை இருந்தது.
சத்தியமாகப் பச்சை. பாசிப்பயறு நிறம்.
அதை முதலில் பூசிவிட்டு
மேலே ரோஜாவை மெலிதாக இழுத்திருக்கிறார் மனிதர்.
ஐம்பது சதவீதத்துக்கு வந்தால் பச்சை இல்லை,
இரத்தம் ஓடுகிறது.
மறுபடி உள்ளே போனேன். பச்சை.
வெளியே வந்தேன். இரத்தம்.
கரண்ட் போகும்வரை இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

மூக்கோரம் சளி பிடித்த சிவப்பு.
இடது கண் ஒரு நூல் கீழே.
விரல் முட்டி நாலிலும் வெடிப்பு,
குளிரில் மாவு பிசைந்த கை.
நான் என்றால் மூன்று கிளிக்.
அவளும் கேட்காமலா இருந்திருப்பாள்,
காசு கொடுத்தவள் ஆயிற்றே:
"ஐயா, இந்தக் கையைக் கொஞ்சம்..."
மோதிரம் மட்டும் ஏன் அத்தனை பளபளப்பு என்று
அப்போதுதான் புரிந்தது.
பேரம் அப்படி முடிந்திருக்கிறது:
மோதிரம் உனக்கு, முட்டி எனக்கு.

பிறகு காலரில் அதைப் பார்த்தேன்.
கறுப்பாக, அரை வளையமாக,
வெள்ளைச் சாயத்துக்குள் புதைந்த ஒரு முடி.
அவளுடையதல்ல, அவள் செம்பட்டை.
பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்தது.
ஈரத்திலேயே எடுத்திருக்கலாம்.
கண் மங்கிவிட்டதா, கூலி பாக்கியா,
வெளிச்சம் போய்விட்டதா அன்றைக்கு?
ஜோசையா பெல்தம்,
உங்களைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது
உங்கள் பிரஷ் முடி கொட்டியது என்பது மட்டும்.
என் பிரஷ்ஷில் முடியே கிடையாது.
ஆயிரம் முகத்தைத் தொட்டிருக்கிறேன்,
எதிலும் நான் உதிரவில்லை.

மவுஸை அதன்மேல் கொண்டுபோனேன்.
கையை எடுத்துக்கொண்டேன்.

நடுவில் போன். கடத்தூர் மாதேஸ்வரி.
ரிசப்ஷன் பிளக்ஸ் நாளைக்குள் வேண்டும்.
"பல்லை அப்படியே விட்டுடவா? சிரிப்பு நல்லாருக்கு."
ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பஸ் சத்தம்.
"வெள்ளையாவே போட்டுடுக்கா.
மாப்பிள்ளை வீடு பவானி.
காவேரித் தண்ணி குடிச்ச ஆளுங்க."

வெளுத்தேன். தெரிந்த பத்துப் பல்லையும்.
ஒரிஜினலை அழிக்கவில்லை.
பெல்தம் என்று ஒரு ஃபோல்டர் திறந்து
அதில் போட்டுவைத்தேன்.

புதன்கிழமை. குத்துவிளக்கு, கேசரி.
சுவரில் ரொட்டிக்கடை விதவை.
எதிரே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்
அவளைப் போலவே வாயை மூடிக்கொண்டு.
டாக்டர் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கினார்.
"என்னம்மா, முடி ஒட்டியிருக்கு?"
கைக்குட்டையால் துடைத்தார்.
பிறகு நகத்தால் சுரண்டினார்.

போகவில்லை.